நேர்ல போய் வேலை முடிக்கிற பேங்க் பிராஞ்ச்: ஒரு பலசரக்குக் கடைக்காரரோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 4 ஸ்டார். குறைச்ச ஒண்ணு எதுக்குன்னு பின்னாடி சொல்றேன். தூத்துக்குடி மாவட்டத்துல தாமிரபரணிக் கரையோரம் எங்க ஊரு, அங்க மெயின் ரோட்டுல இருக்குற ஒரு அரசு வங்கி பிராஞ்ச் பத்தித்தான் இந்த ரிவ்யூ. பேங்க் பேரு போடல, ஏன்னா நான் சொல்ல வர்றது அந்த ஒரு பேங்க் பத்தி மட்டும் இல்ல. எல்லாமே போன்ல முடிஞ்சிடுதே, இன்னும் எதுக்கு பிராஞ்சுக்கு போய் நிக்கணும்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன்.

எனக்கு பலசரக்குக் கடை. ஜிபே வாங்கமாட்டேன்னு சொல்ற ஆள் இல்ல. கியூஆர் அட்டை ஒட்டியிருக்கேன், காசு வந்தா சத்தம் போட்டு சொல்ற பெட்டியும் இருக்கு, அதுக்கு மாசாமாசம் வாடகை பிடிக்கிறாங்க. காலேஜ் பசங்க, வேலைக்கு போறவங்க கையில காசே வச்சிக்கிறது இல்ல, அவங்களுக்கு அது வசதி, சரிதான். ஆனா எனக்கு ரொக்கம்தான் புடிக்கும். சாயங்காலம் கல்லாவை எண்ணுனா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கையிலேயே தெரியும், லைன் வண்டிக்காரர் சரக்கு இறக்கிட்டு நின்னா அப்பவே எண்ணி கொடுத்து அனுப்பிடலாம், நாளைக்கு தாரேன்ங்கிற பேச்சே கிடையாது. வீட்லயும் அப்படித்தான், மளிகை, பால், ஸ்கூல் ஃபீஸ்னு தனித்தனி டப்பாவுல போட்டு வச்சிருவா எம் பொண்டாட்டி, ஒரு டப்பா காலியானா அந்த மாசம் அதுக்கு மேல செலவு கிடையாது. போன்ல தட்டி தட்டி செலவு பண்ணும்போது அந்த நிறுத்தம் வர்றதே இல்ல, என்னோட அனுபவம் இது.

சரி பிராஞ்சுக்கு வர்றேன். கேஷ் கவுன்டர்ல இருக்குற மேடம் வேலை செய்யிறத ஒரு தடவை நின்னு பாருங்க. செலான்ல நான் 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனைன்னு எழுதிக் கொடுப்பேன், மேடம் மொதல்ல நோட்டை எல்லாம் காந்தி படம் ஒரே பக்கமா வர்ற மாதிரி திருப்பி அடுக்குவாங்க, அப்புறம் மிஷின்ல விடுவாங்க, மிஷின் சொன்ன எண்ணிக்கை செலானோட ஒத்துப்போனாலும் 500 ரூபா கட்டை மட்டும் கையாலயும் ஒரு தடவை விசிறி பாப்பாங்க. சந்தேகமா ஒண்ணு தட்டுப்பட்டா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "அண்ணாச்சி, இது யார் கொடுத்தான்னு ஞாபகம் இருக்கா?"ன்னு கேப்பாங்க. எல்லாம் முடிஞ்சு கவுன்டர்ஃபாயில்ல, அதான் செலான்ல நமக்கு கிழிச்சுத் தர்ற துண்டுல, சீல் வச்சு கையெழுத்து போட்டு கொடுக்கும்போது வர்ற நிம்மதி எனக்கு எந்த ஆப்லயும் வந்தது இல்ல. பச்சை டிக் வர்றதும் ஒரு மனுஷர் எண்ணிப் பாத்து சரின்னு சொல்றதும் எனக்கு ஒண்ணு கிடையாது.

சில்லறை விஷயத்துக்கு தனியா ஒரு ஸ்டார் கொடுக்கலாம். யூபிஐ வந்தப்புறம் ஊர்ல சில்லறைப் புழக்கமே சுருங்கிப் போச்சு, ஆனா ரொக்கம் கொண்டு வர்ற ஆளுங்க இன்னும் 500ஐ நீட்டி 30 ரூபாய்க்கு சாமான் கேக்குறாங்க. ரெண்டு நாள் முன்னாடி சொல்லி வச்சா மேடம் 10 ரூபா கட்டு, 20 ரூபா கட்டு எடுத்து வச்சிருவாங்க. பத்து ரூபா காயினும் வாங்கிக்கிறாங்க. இந்த காயின் செல்லாதுன்னு நம்ம தமிழ்நாட்டுல எவனோ கிளப்பிவிட்ட புரளி இன்னும் போகமாட்டேங்குது, எல்லா டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) 2018லயே அறிவிச்சிருச்சு, தயவுசெஞ்சு யாரும் வேணாம்னு சொல்லாதீங்க. கிழிஞ்ச நோட்டும் அப்படித்தான். அந்த பேங்க்ல கணக்கு இல்லாதவங்க கூட எந்த பிராஞ்ச்லயும் மாத்தலாம். 20 ரூபா வரைக்கும் உள்ள நோட்டுன்னா பாதிக்கு மேல ஒரே துண்டா இருந்தா முழுப்பணம் கிடைக்கும், 50ம் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுக்கு 80 சதவீதத்துக்கு மேல இருந்தா முழுசு, 40லேருந்து 80 வரைக்கும்னா பாதி. பஸ் ஸ்டாண்டுல கமிஷன் எடுத்துட்டு மாத்திக் கொடுக்குறவங்ககிட்ட ஏன் போகணும், பேங்க்ல இது ஃப்ரீ.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை எங்க பக்கத்து ஆளுங்க மறக்கமாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ட்ரெயின் பயணிகளோட மாட்டி நின்னுச்சு. கரன்ட் இல்ல, டவர் இல்ல, போன் சார்ஜ் இல்ல. அந்த நாள்ல அக்கவுண்ட்ல எத்தனை லட்சம் இருந்தாலும் ஒரு மெழுகுவர்த்தி வாங்க முடியாது. நியாயமா சொல்லணும்னா பேங்க்கும் அப்போ ஓடல, அவங்களுக்கும் நெட்வொர்க் வேணும்ல, வீட்ல இருந்த ரொக்கமும் நான் எழுதி வச்ச கடன் நோட்டும்தான் ஓடுச்சு. ஆனா பிராஞ்ச் திறந்த உடனே ஜனங்க கொண்டு வந்த நோட்டைப் பாக்கணுமே, சேறு அப்பி, மொட்டைமாடியில காயப்போட்டு, அப்பளம் மாதிரி விறைச்சிப் போன நோட்டு. மேடம் ஒவ்வொண்ணா பிரிச்சு, ஒட்டிக்கிட்டு இருந்ததை கிழியாம எடுத்து மாத்திக் கொடுத்தாங்க. ஒருத்தர்கிட்டயும் முகம் சுளிக்கல. அதுக்காகவே இந்த பிராஞ்ச் எங்க ஊர்ல இருக்கணும்னு நெனைக்கிறேன்.

இன்னொண்ணு நான் கண்ணால பாத்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் எஃப்டியை (நிரந்தர வைப்புத் தொகையை) உடைச்சு மொத்தமா ஒரு அக்கவுண்டுக்கு அனுப்பணும்னு வந்தாரு. சட்டைப் பையில போன் இருக்கு, கால் கட் ஆகாம ஓடிக்கிட்டே இருக்கு. கவுன்டர்ல இருந்த ஆபிசர் தம்பி, "சார், யாருக்கு அனுப்புறீங்க, என்ன விஷயம்?"னு கேட்டா பதிலே இல்ல, கை மட்டும் நடுங்குது. உடனே மேனேஜர் ரூமுக்கு கூட்டிட்டு போய், போனை வாங்கி கட் பண்ணி, தண்ணி கொடுத்து உக்கார வச்சு பேசினாங்க. சிபிஐன்னு சொல்லி, டிஜிட்டல் அரெஸ்ட், அதாவது போன்லயே உன்னை கைது பண்ணியாச்சுன்னு மெரட்டி, யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கானுங்க. அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்துலயே கிடையாது. இதையே அவர் வீட்ல உக்காந்து ஆப்ல பண்ணியிருந்தா? கேக்குறதுக்கு ஆள் யாரு இருக்கா அங்க? காசு போனா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணணும், அது எல்லாரும் தெரிஞ்சி வச்சிக்கோங்க. ஆனா நாமளே ஓடிபி சொல்லிட்டோம்னா, பேங்க்ல புகார் பண்றதுக்கு முன்னாடி போன காசு நம்ம தலையிலதான் விழும், ஆர்பிஐ விதியே அப்படித்தான் இருக்கு. அதனால போறதுக்கு முன்னாடி தடுக்குற ஆள் எனக்கு முக்கியம்.

வியாபாரிகளுக்கு வேற ஒரு தலைவலியும் இருக்கு. எவனோ ஏமாத்துன காசு நாலு கை மாறி நம்ம கியூஆர்ல வந்து விழுந்தா, போலீஸ் சொல்லி அக்கவுண்டையே முடக்கிடுறாங்க. எனக்கு தெரிஞ்ச பேக்கரிக்காரர் ஒருத்தருக்கு அப்படி ஆகி, வேற மாநில போலீஸுக்கு மெயில் மேல மெயில் போட்டு அலைஞ்சாரு. வந்தது சின்னத் தொகை, மாட்டுனது மொத்தமும். கர்நாடகாவுல 2025 ஜூலையில யூபிஐ கணக்கை வச்சு சின்னக் கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், கியூஆரை கிழிச்சிட்டு ரொக்கம் மட்டும்னு போர்டு வச்சாங்களே, அந்த பயம் எனக்கு புரியுது. வரியை ஏமாத்தணும்னு நான் சொல்லல. ரொக்கத்துல நடத்துறவன் கணக்கு எழுதமாட்டான்னு நெனைக்கிறதுதான் தப்பு, நான் கட்டுற ஒவ்வொரு செலானும் பைல்ல இருக்கு, பெரிய தொகைன்னா பான் நம்பர் எழுதித்தான் கட்டுறேன். அப்புறம் அதே வருஷம் ஏப்ரல் 12, யூபிஐ நாடு முழுக்க படுத்துச்சே, அன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க்கும் லீவு. கல்லாவுல ரொக்கம் இருந்தவனுக்கு மட்டும்தான் வியாபாரம் ஓடுச்சு.

பெரியவங்களுக்கு இந்த பிராஞ்ச் எவ்வளவு உதவின்னு நவம்பர்ல வந்து பாத்தா தெரியும், பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்கேன்னு சான்று கொடுக்க வர்ற மாசம். வயல்ல உழைச்ச கைக்கு மிஷின்ல ரேகை விழவே விழாது, எங்க அம்மாவுக்கும் அதே கதைதான். இங்க நேர்ல பாத்து ஃபாரத்துல கையெழுத்து வாங்கி முடிச்சிடுறாங்க.

இப்போ குறை. ஆள் பத்தல. மூணு கவுன்டர் இருக்கு, ஓடுறது ஒண்ணு. மேடம் லீவு போட்டா அன்னைக்கு கேஷ் வேலை பாதி நாள் நிக்குது. பாஸ்புக் பிரிண்ட் போடுற மிஷின் ஓடுற நாளை விட ரிப்பேர்னு பேப்பர் ஒட்டியிருக்குற நாள்தான் அதிகம். பத்தாயிரத்துக்கு கீழன்னா ஏடிஎம் போங்கன்னு எழுதி ஒட்டியிருக்காங்க, இது எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம். ரெண்டாயிரம் ரூபா எடுக்க வர்ற கிழவிக்கு ஏடிஎம் கார்டே கிடையாது, அவங்களை திருப்பி அனுப்புறது அநியாயம். ரெண்டு தடவை நானே சண்டை போட்டு அவங்களுக்கு எடுத்துக் கொடுக்க வச்சிருக்கேன். செலான் தமிழ்ல பெரும்பாலும் ஸ்டாக் இருக்காது. 70 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை பண்ணணும்னு 2017லயே ஆர்பிஐ சொல்லியிருக்கு, இங்க கேட்டா ஸ்டாஃப் இல்லங்கிறாங்க. வடக்க இருந்து வந்த ஆபிசர் தம்பியை சில பேரு குறை சொல்றாங்க, நான் சொல்லமாட்டேன், அந்த வாத்தியாரை காப்பாத்துனதே அவர்தான், தமிழும் நல்லாவே கத்துக்கிட்டு வர்றாரு.

மேனேஜர் சார் இதை படிச்சா, அந்த ஏடிஎம் பேப்பரை மொதல்ல கிழிச்சிடுங்க, ரெண்டாவது கேஷ் கவுன்டருக்கு மேலிடத்துல எழுதிப் போடுங்க, நாங்க வியாபாரிங்க சேர்ந்து கையெழுத்து போட்டு தாறோம். வாசப்படியில கைப்பிடி ஒண்ணு வைக்க என்ன செலவாகிடும், சொன்னீங்கன்னா நாங்களே போட்டுத் தாறோம்.

புதுசா போறவங்களுக்கு: மாசத்தோட முதல் வாரம் பென்ஷன் கூட்டம், தவிர்த்திடுங்க. ரெண்டாவது, நாலாவது சனி லீவு. திங்கக்கிழமை காலையில வியாபாரிங்க வரிசை நீளமா இருக்கும், புதன் வியாழன் மதியத்துக்கு மேல போனா சீக்கிரம் முடியும். செலானை வீட்லயே எழுதிட்டு போங்க, நோட்டை வகை பிரிச்சு அடுக்கிக் கொடுங்க, பின் அடிக்காதீங்க. கவுன்டர்ஃபாயில்ல சீலும் கையெழுத்தும் இருக்கா, தொகை சரியா இருக்கான்னு கவுன்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, பாஸ்புக்ல ஏறுற வரைக்கும் அதுதான் உங்க ஆதாரம்.