கைக்குழந்தைக்கு எழுத்து அட்டையா, கதைப் புத்தகமா?

ஒரு வயதிலேயே சொல் எழுதிய அட்டை, வீடியோ காட்டி வாசிக்கப் பழக்கலாமா, மடியில் வைத்துப் படித்துக் காட்டினால் போதுமா என்று குழம்புகிற பெற்றோர் நிறைய.

செலவு: அட்டை, வீடியோத் தொகுப்பை பெரும்பாலும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கதைக்கு நூலகப் புத்தகமே போதும்.

பலன்: முக்கியமானது இதுதான். அட்டையைப் பார்த்ததும் குழந்தை ‘பந்து’ என்று சொல்லும். நமக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது அட்டையின் தோற்றத்தை வைத்துச் சொல்வதுதான். அதே எழுத்துகளைக் கலைத்து வேறு சொல் எழுதினால் வாசிக்கத் தெரியாது. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு ஏழு மாதம் இந்தப் பயிற்சி கொடுத்தும் வாசிப்பு வரவில்லை.

கதை படித்தால்? ‘நாய் எங்கே?’ என்றதும் குட்டி விரல் படத்தைத் தேடும். சொற்கள் சேரும், கவனம் கூடும். பிற்கால வாசிப்புக்கு அடித்தளமே இந்தப் பேச்சுதான்.

நேரம்: கதைக்குத் தினமும் பத்து நிமிடம் போதும்.

மூன்று வயதுக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கதைப் புத்தகம்தான். அப்புறம் குழந்தையே ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்கத் தொடங்கினால், சரி, அட்டையை எடுங்கள். கேட்காத குழந்தையை உட்காரவைத்து வற்புறுத்தாதீர்கள்.