பீட்டில் காரின் குட்டை கியர் லிவர்: ஆறு ஆண்டு அனுபவம்

ஜெர்மனியின் டோர்ட்முண்டில் நான் ஓட்டும் 1970-ஆம் ஆண்டு ஃபாக்ஸ்வாகன் பீட்டிலில், தொழிற்சாலையிலிருந்து வந்த நெடிய கியர் லிவரைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய குட்டை லிவரைப் பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பழைய லிவர் கியரில் இருக்கும்போதே நான்கு விரல் அகலம் ஆடியது. இரண்டாம் கியரைத் தேடிப் பின்னால் இழுத்தால், சில நேரம் பக்கத்திலிருக்கும் ரிவர்ஸின் பக்கம் நழுவிப் பற்கள் கரகரவென்று கடிபட்டன. லிவர் தேய்ந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

பீட்டிலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் இருப்பதால், லிவரின் அசைவு, கார்த் தரையின் நடுவே மேடாக ஓடும் சுரங்கத்துக்குள் செல்லும் நீண்ட கம்பி வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கம்பியை முன்பக்கம் புஷ் எனப்படும் ஒரு பிளாஸ்டிக் வளையம் தாங்குகிறது. பின்னிருக்கையின் அடியில், சிறிய மூடிக்குக் கீழே இருக்கும் கப்ளிங் அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கிறது. லிவரின் அடியில், ஒரு விளிம்பு மேல்நோக்கி மடிந்த தடுப்புத் தகடு ஒன்று உண்டு. ரிவர்ஸுக்கு லிவரைக் கீழே அழுத்தி, இடப்பக்கம் தள்ளிப் பின்னால் இழுக்க வேண்டும். அழுத்தாமல் அந்தப் பக்கம் போகவிடாமல் மறிப்பது இந்தத் தகடுதான்.

பொருத்தும் வேலை என்னவோ எளிது. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய லிவர் மேலே வந்துவிடும். அதற்கு முன் அதன் அடிப்பகுதி இருந்த இடத்தைச் சுற்றிச் சுரங்கத்தின் மீது ஆணியால் கோடு கிழித்துவைத்தேன், அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. ஏனெனில் போல்ட் துளைகள் நீள்வட்டமானவை. அந்த இடைவெளிக்குள்தான் அட்ஜஸ்ட்மென்ட் முழுவதும் நடக்கிறது. இரண்டாம் கியரில் வைத்துவிட்டு, போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, தகட்டை மயிரிழை அளவு இடமோ வலமோ நகர்த்தி இறுக்கி, நான்கு கியரும் தடையின்றி விழுகின்றனவா, அழுத்தாமல் ரிவர்ஸ் விழாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெடிய லிவரில் இதை ஒரே முறையில் சரிசெய்துவிடலாம். குட்டை லிவரிலோ கை நகரும் தூரம் குறைவதால் கியர்களுக்கு இடையிலான பக்கவாட்டு இடைவெளியும் குறுகிவிடுகிறது. தகடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முதல் கியரைத் தேடும் கை மூன்றாம் கியரில் போய் நிற்கும். எனக்கு ஏழெட்டு முறை ஆயிற்று.

இத்தனைக்குப் பிறகும் ஆட்டம் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சுரங்கத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: புஷ் மூன்று துண்டுகளாக உடைந்து கிடக்க, கம்பி வெறும் இரும்பு வளையத்தில் உரசி உரசி ஒரு பக்கம் கண்ணாடி போல் மின்னியது. புதிய புஷ்ஷைக் கிரீஸ் தடவி அமர்த்தி, கப்ளிங்கையும் மாற்றிய அன்று, லிவர் கையில் கெட்டியாக நின்றது. முதலில் இதைச் செய்திருந்தால் அந்த லிவரை வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்.

கப்ளிங்கில் ஒரு தவறு என்னுடையது. அதைக் கம்பியோடு பிடிக்கும் சதுரத் தலைத் திருகு கழலாதிருக்க மெல்லிய கம்பியால் கட்ட வேண்டும். பிறகு கட்டலாம் என்று விட்டுவிட்டேன். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகும் வழியில், ஒரு சிக்னலில் லிவர் எல்லாப் பக்கமும் தாராளமாக அசைய, கார் மட்டும் இரண்டாம் கியரிலேயே நின்றுவிட்டது. பட்டுச்சேலையோடு மனைவி நடைபாதையில் நிற்க, நான் பின்னிருக்கையைத் தூக்கித் திருகை இறுக்கினேன். கம்பி கட்டியது வீடு திரும்பிய அன்றிரவே.

ஆறு ஆண்டுகளில் தெரிந்த இன்னொன்று, குளிர்காலத்தில் இந்த லிவர் காட்டும் முரண்டு. கை நகரும் தூரம் குறைந்தால் அழுத்தும் விசை கூடத்தான் செய்யும். உறைபனிக் காலையில் கியர்பாக்ஸ் எண்ணெய் தடித்திருக்கும்போது இரண்டாம் கியர் முதல் சில நிமிடங்களுக்கு வீம்பு பிடிக்கிறது. ரிவர்ஸில் சத்தம் வந்தால் நான் இப்போது முதலில் பார்ப்பது கிளட்ச் பெடலைத்தான். அதில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்றசைவு, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரம், இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, பழி லிவர் மேல் விழும்.

சென்ற வசந்தத்தில், சாக்குத் துணியில் சுற்றிவைத்திருந்த பழைய லிவரை எடுத்துப் புதிய தடுப்புத் தகட்டோடு இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். கியர்கள் பழுதில்லாமல் விழுந்தன. குளிர்ந்த காலைகளில் அதுவே இதமாகவும் இருந்தது. குட்டை லிவரை மறுபடி பொருத்தியதற்குக் கைப்பழக்கத்தைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.