பாதுக்கைப் பட்டிக்கு ஊசிக்காளை தெரிவு: 2017 முதல் இன்று வரை

செயற்கைச் சினை ஊசிக்கான இறைச்சி மாட்டுக் காளைப் பட்டியலைக் கையில் எடுத்தால் எல்லாருடைய கண்ணும் வளர்ச்சி எண்ணுக்குத்தான் போகும். எத்தனை நாளில் எத்தனை கிலோ என்று. நான் அந்தப் பத்தியைக் கடைசியாகப் பார்க்கிறேன். கன்று தாயின் இடுப்பைத் தாண்டி வெளியே வருமா, இரண்டு வயதில் அதை வாங்க ஆள் இருக்கிறதா, இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கிலோ.

வீடு கொழும்பு தெமட்டகொடையில். பட்டி பாதுக்கையில், தென்னங்காணிக்குள். தாய் மாடு பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எப்போதும் போனதில்லை. பெரும்பாலும் ஜேர்சிக் கலப்பு, கொஞ்சம் சாஹிவால் கலப்பு, ஓரிரண்டு நாட்டு மாடு. தீனி கினிப் புல்லும் சி.ஓ. 3 புல்லும் வேலியோரக் கிளிரிசீடியாவும். மழைக்குக் குறைவில்லாத பகுதி, அதனால் உண்ணிக்கும் குறைவில்லை. நாம்பன்கள் (இளம் ஆண் மாடுகள்) பெரும்பாலும் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானுக்கு (பலிக்கு) போகும், மிச்சம் இறைச்சிக் கடைக்கு.

காளை வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனை மாட்டுக்கு ஒரு காளையைக் கட்டித் தீனி போடுவது கட்டாது. பக்கத்துக் காணியின் இறப்பர் கன்றுகளுக்கும் ஆபத்து. அதைவிட முக்கியமான விஷயம், மூன்று வருடத்தில் அந்தக் காளை தன் மகள்களோடு ஒரே பட்டியில் நிற்கும். ஊசி என்றால் தாய்க்குத் தாய் வேறு காளை போடலாம், ஒவ்வாத காளையை அடுத்த முறை விட்டுவிடலாம். காளையோடு வரும் இனப்பெருக்க நோய்களின் பயமும் குறைவு.

சாஹிவால், ஜேர்சி, பிரீசியன் ஸ்ட்ரோக்கள் (உறைந்த விந்து அடைத்த சிறு குழாய்கள்) அரச கால்நடை வைத்திய அலுவலகம் வழியாகக் கிடைக்கும். குண்டசாலையிலுள்ள அரச நிலையத்தில் தயாராகி வருபவை. பிராமன், அங்கஸ் போன்ற இறைச்சி இனங்களுக்கு இறக்குமதிச் சரக்குத்தான், அது தனியார் வழி. விலையும் அதற்கேற்ப.

சாஹிவாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் போட்டது அதைத்தான். பால் இனம்தான், இறைச்சி இனமில்லை. வளர்ச்சி மெதுவு. ஆனால் கன்று சிறிதாக விழுகிறது, நாகுக்குக்கூட (இன்னும் ஈனாத இளம் பசுவுக்கு) பயமில்லாமல் போடலாம். வெயில் தாங்கும், உண்ணி குறைவு, தாய் மாட்டுக்குப் பாலும் கூடும். நாம்பன் செந்நிறமாக, திமிலும் அலைதாடியுமாக நிற்கும்போது பெருநாள் வியாபாரத்தில் அதற்குத் தனி மதிப்பு. எங்கள் பக்கத்தில் தராசில் ஏற்றி மாடு வாங்குபவர் குறைவு, கண்ணால் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். ஒருமுறை நான் எடைக் கணக்கு எழுதிய கொப்பியோடு ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது வாப்பா என்னைத் தள்ளிக் கூப்பிட்டுச் சொன்னார்: "மகன், அவர் கொம்பப் பாத்து வாங்க வந்த மனுஷன். அவருக்குக் கொப்பியக் காட்டாதீங்க." மாடு அன்றைக்கே போனது.

பிராமனில் எனக்கு விருப்பம் உண்டு, கூடவே எச்சரிக்கையும். உயரம், எடுப்பு, திமில் எல்லாம் கண்ணை இழுக்கும். ஆனால் பிராமன் ஸ்ட்ரோவை ஜேர்சி, பிரீசியன் போன்ற ஐரோப்பிய இரத்தமுள்ள பசுவுக்குப் போட்டால் கன்று எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாக விழும், நாம்பன் கன்று இன்னும் பெரிது. இதையே தலைகீழாக, பிராமன் பசுவுக்கு ஐரோப்பியக் காளை போட்டால் அந்தப் பெருப்பு வராது. ஆய்வுகளில் பலமுறை பதிவான விஷயம் இது, தொழுவத்திலும் கண்ணால் பார்த்தேன். வெளியிலிருந்து சினையாக வாங்கிய ஒரு ஜேர்சிக் கலப்பு நாகு. என்ன ஊசி போட்டது என்று கேட்டதற்கு விற்றவர் "நல்ல ஊசிதான் தம்பி" என்றதோடு சரி. தேதி கடந்தும் ஈனவில்லை. பிராமன் சினைக்காலம் 290 நாளைத் தாண்டிப் போகும் என்பதால் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இரவு பத்து மணிக்கு நீர்க்குடம் உடைந்தது. முன்னங்கால் இரண்டும் தெரிகிறது, குளம்பின் அடி கீழ் பார்த்தபடி. மூக்கும் தெரிகிறது. ஆக, கிடை சரி. பெருப்புத்தான் பிரச்சினை. கால்கள் என் மணிக்கட்டைவிடத் தடிப்பு. டொக்டர் வந்து கணுவுக்கு மேலே கயிறு போட்டு, இரண்டு காலையும் ஒன்றாக இழுக்க விடாமல் ஒன்று மாற்றி ஒன்றாக, நாகு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்க வைத்தார். ஒரு தோள் முதலில் வந்தால்தான் மற்றத் தோளுக்கு வழி. தோள் கழன்றது, இடுப்பில் மறுபடி நின்றது. கன்றைக் கொஞ்சம் திருப்பி இழுத்தபோது வந்தது. உயிரோடுதான். நாகு இரண்டு நாள் எழும்பவில்லை, இளங்கொடியும் விழாமல் மருந்து போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அது சினை பிடிக்க எடுத்த காலத்தில் வேறொரு மாடு இன்னொரு கன்று ஈன்றுவிட்டது. அந்த நாம்பன் கடைசியில் நல்ல விலைக்குத்தான் போனது, மறைக்கவில்லை. ஆனால் தாய் வீணாய்க் கழித்த மாதங்களை அந்த விலையிலிருந்து கழித்துப் பார்த்தால் ஒரு சாதாரண சாஹிவால் கன்றுதான் லாபம்.

ஆகவே பிராமன் என்றால் இரண்டு ஈற்றுக் கண்ட, இடுப்பகன்ற மாட்டுக்கு மட்டும். அதிலும் குணத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். சாதுத்தனமும் மிரட்சியும் ஓரளவு பரம்பரையாக வருவன. லொறியில் ஏறாத நாம்பன் பெருநாளைக்கு முதல் நாள் கொழும்பு வீதியில் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

அங்கஸ் வேறு கதை. கன்று சுகமாக விழும் காளைகள் அந்த இனத்தில் நிறைய. தீனி கொடுத்தால் சதை ஏறும் வேகம் நான் போட்ட மற்ற எதற்கும் இல்லை. ஆனால் கறுப்புத் தோல், பாதுக்கைப் புழுக்கம். ஜேர்சிக் கலப்புக்குப் போட்ட கன்று மத்தியானம் முழுக்க நிழலில் இளைத்துக்கொண்டு நிற்கும், மேயாது. சாஹிவால் கலப்புப் பசுவுக்குப் போட்ட கன்று அப்படியில்லை, தாயின் வெயில் தாங்கும் குணம் அதற்கு வந்திருந்தது. இன்னொன்று, அங்கஸ் கன்றுக்குக் கொம்பு வராது. கொம்பில்லாத மாடு ஷாபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) படி குர்பானுக்குக் கூடும் என்று மௌலவி சொன்னாலும் வாங்குபவருக்கு மனசு வராது. திமிலும் இல்லை. அதனால் அங்கஸ் கலப்பு நேரே இறைச்சிக் கடைக்கு. அங்கே எடைதான் பேசும், அங்கஸும் நன்றாகவே பேசும்.

இனி எண்களுக்கு வருவோம். வளர்ச்சிக்கு அவுஸ்திரேலியப் பட்டியலில் இருப்பது ஈ.பி.வி. (மதிப்பிட்ட இனவிருத்தி மதிப்பு), கிலோவில். அமெரிக்கப் பட்டியலில் இருப்பது ஈ.பி.டி. (கன்றில் எதிர்பார்க்கும் வித்தியாசம்), இறாத்தலில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஈ.பி.வி. காளையின் மதிப்பு, கன்றுக்கு அதில் பாதிதான் போகும். ஒரு காளை +60, இன்னொன்று +40 என்றால் கன்றுகளில் எதிர்பார்க்க வேண்டிய வித்தியாசம் 10 கிலோ, 20 இல்லை. ஈ.பி.டி.யில் அந்தப் பாதி ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஓர் இனத்தின் எண்ணை மற்ற இனத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடுவதும் செல்லாது. அப்புறம், இந்தப் பத்துக் கிலோ அவுஸ்திரேலியத் தீனியில் வந்த பத்துக் கிலோ. நம்முடைய தென்னை நிழல் புல்லில் அதில் எவ்வளவு தேறும் என்று யோசித்துவிட்டு, இரட்டை விலை ஸ்ட்ரோவைத் தொடலாமா என்று முடிவெடுங்கள்.

எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு சதவீதம் இருக்கும், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. 50க்குக் கீழே என்றால் அது இன்னும் ஊகம், 90க்கு மேலே என்றால் கன்றுகள் ஏராளமாகப் பிறந்து நிரூபணமான காளை. பட்டியல் அட்டையில் படம் போட்டு விற்கும் இளங்காளைகள் பெரும்பாலும் முதல் வகை. பெரிய மாட்டுக்கு அப்படி ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். நாகுக்கு வேண்டாம். நாகுக்கு, இலகுவாகக் கன்று ஈனும் எண் இனத்தின் சராசரியைவிட நல்லதாகவும், அந்தச் சதவீதம் உயர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வேறு எதுவும் தேவையில்லை.

பெருநாளைக்கு வளர்ப்பவர்கள் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டும், பிறைக் கணக்கில் அது ஏறத்தாழ 709 நாள். வயிற்றில் 283 நாளளவு. கூட்டினால் 33 மாதத்துக்குச் சற்றுக் குறைவு. பெருநாளோ வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது: 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. ஆக 2025 பெருநாளைக்கு நிற்க வேண்டிய நாம்பனுக்கு 2022 செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். 2022இல் என்ன நடந்தது என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். கோட்டாவில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல் கிடைத்த காலம். மாடு பருவத்துக்கு வந்து கத்தும், ஊசி போடுபவருக்கு வர வழியில்லை. அதன் கணக்கு 2025இல்தான் எங்கள் பட்டியில் தெரிந்தது, விற்க நாம்பன் இல்லை.

சாதாரண காலத்திலும் நல்ல காளையைக் கெடுப்பது நேரம்தான். காலையில் கத்தினால் மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். திமில் இரத்தமுள்ள மாடு பெரும்பாலும் இரவில், சத்தமில்லாமல், கொஞ்ச நேரத்துக்குத்தான் பருவம் காட்டும். காலையில் வாலடியில் கண்ணாடி போன்ற கோழை ஒட்டியிருக்கிறதா என்று நேரம் வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் பட்டியைப் பார்க்கும் அண்ணன் அதில் கெட்டிக்காரர், பட்டியலில் இருக்கும் எந்த எண்ணையும்விட அவர் பெறுமதி அதிகம். அடுத்தது ஸ்ட்ரோவை உருக்கும் விதம். மைனஸ் 196 பாகையில் இருந்து எடுத்ததை 35 முதல் 37 பாகை நீரில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து, துடைத்து, வெயில் படாமல் உடனே போட வேண்டும். ஒருவர் வந்து ஸ்ட்ரோவைச் சட்டைப் பைக்குள் வைத்து உருக்கியதைப் பார்த்த பிறகு, வெப்பமானியும் சுடுநீர்ப் போத்தலும் எங்கள் பட்டியிலேயே இருக்கின்றன.

போட்டு முடிந்த வெற்று ஸ்ட்ரோவை வீச விடுவதில்லை. காளையின் பெயரும் இலக்கமும் அதில் அச்சாகியிருக்கும், கொப்பியில் தாயின் பக்கத்திலேயே ஒட்டிவைக்கிறோம். மகளுக்கு அதே காளையைப் போட்டால் கன்றின் உட்கலப்பு (நெருங்கிய இரத்தம் சேர்வது) 25 சதவீதம். சிறு பட்டியில் இது தெரியாமலே நடக்கும், அதுவும் "போன முறை போட்டதே நல்லா இருந்தது" என்று கேட்டு வாங்குபவர்களுக்குத்தான்.

இந்த வருடத் தெரிவு இப்படி: நாகு எல்லாவற்றுக்கும் சாஹிவால், போன தடவை போட்ட காளை இல்லை. பெரிய மாடு மூன்றுக்குப் பிராமன், சாதுவான காளையாகப் பார்த்து. சாஹிவால் கலப்பு இரண்டுக்கு அங்கஸ். ஆண் கன்றுக்கென்று பிரித்த ஸ்ட்ரோ பத்துக்கு ஒன்பது சரியாக வரும் என்கிறார்கள், விலையும் கூட, சினை பிடிப்பதும் குறைவு. அதை இப்போதைக்கு எடுக்கவில்லை.