ஹேவலின் காசி, 1905 பதிப்பு: வாங்கலாமா?

ஈ.பி. ஹேவல் எழுதிய ‘பெனாரஸ், தி சேக்ரட் சிட்டி’ ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. லண்டன் பிளாக்கி நிறுவனம் 1905இல் போட்ட பதிப்பு. வடநாட்டுப் பழைய புத்தக வியாபாரி ஒருவர் 6,500 ரூபாய்க்குக் கொடுத்தார்.

சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஹேவல் அந்நியர் இல்லை. 1884இல் வந்து அதை நடத்தியவர். பிறகு கல்கத்தா போய், வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து இந்திய ஓவியத்துக்காக மல்லுக்கு நின்றவர். அந்தக் கண்ணோடுதான் காசியையும் பார்க்கிறார். அக்காலத்து வெள்ளைக்காரர்கள் பலரின் எழுத்தில் தெரியும் முகச்சுளிப்பு இவரிடம் இல்லை. காலை வெயிலில் படித்துறைகள் எப்படி இருக்கின்றன என்பதை நிதானமாக, ஆசையோடு எழுதுகிறார்.

ஆனாலும் படங்களுக்காகத்தான் இந்தப் பதிப்பைத் தேடினேன். பஞ்சகங்கா படித்துறைக்கு மேலே ஔரங்கசீப் மசூதியின் இரண்டு மினார்களும் நிற்கிற காசி இது. இன்று போனால் மசூதியைப் பார்க்கலாம், அந்த மினார்களைப் பார்க்க முடியாது. ஒன்று 1948இல் இடிந்து விழுந்தது, மற்றதையும் அப்புறம் இறக்கிவிட்டார்கள். மலிவு மறுபதிப்பு ஒன்றும் என்னிடம் உண்டு. எழுத்து பரவாயில்லை, படங்களோ வெறும் கருந்திட்டு. படியில் உட்கார்ந்திருக்கும் ஆளையே அதில் கண்டுபிடிக்க முடியாது. அசல் தாளில் குடை, படகு, கோபுர நிழல் எல்லாம் தெளிவாக இருக்கின்றன.

பழைய வரலாறு பேசும் முதல் அத்தியாயங்கள் இன்றைக்குச் செல்லாது, தாண்டிவிடலாம். காசிக்குப் பக்கத்திலிருக்கும் சாரநாத்தில் அசோகரின் நான்முகச் சிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்ததே 1905இல்தான். அதனால் இன்றைய சாரநாத்தை இதில் தேடாதீர்கள்.

‘மிக நல்ல நிலை’ என்று விற்றவர் போட்டிருந்தார். வந்ததைப் பார்த்தால் புத்தக முதுகில் ராமபாணப் பூச்சி அரித்த துளைகள், ஒரு படத்தாள் தையல் விட்டுத் தொங்கியது. பழுப்புப் புள்ளிகளை நான் குறை சொல்லமாட்டேன், அந்த வயதுக்கு அது வரும். கழன்ற தாளைச் சொல்லாமல் விட்டது தப்பு. கேட்டபோது 500 ரூபாய் திருப்பித் தந்தார், சரி.

படிக்க மட்டும் என்றால் இணையத்தில் ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கிறது. படங்களுக்காக வாங்குகிறவர்கள், முன்பக்கத்தில் உள்ள படப் பட்டியலையும் ஒவ்வொரு படத்தாளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.