புதுப் போனுக்கு மாறுவது: கடைத் தம்பியா, கூகுளா, வயரா?

ஒன்றரை வருசத்துக்குள் எங்கள் வீட்டில் மூன்று போன்கள் மாறின. அம்மாவின் போனை வாங்கிய கடையிலேயே எல்லாம் போட்டுத் தந்தார்கள். என்னுடையதை கூகுள் பேக்கப்பில் (இணையத்தில் கூகுள் சேமித்து வைக்கும் நகலில்) இருந்து இறக்கினேன். மனைவியின் பழைய போனையும் புதியதையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வயரால் இணைத்து மாற்றினேன். எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்டால் திருகோணமலை முழுக்க யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. வாங்கிய போனுக்குள் பழையதில் இருந்ததை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால்தான் எல்லாரும் "கடையில குடுங்கோ, அவங்க செய்வாங்க" என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது நான் வயர் கட்சி. அந்தச் சாய்வு தெரிந்தே வாசியுங்கள்.

எந்த வழியில் போனாலும் பொதுவான சில வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்க முதல் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை எடுத்து, ஆங்கிலத்தில் ஐஎம்இஐ (IMEI) என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்த இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டெம்பர் கிளாஸ், கவர் எல்லாம் உங்கள் விருப்பம்.

சரி, முதலில் கடை. அதன் வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில், அந்தத் தம்பி அம்மாவை மின்விசிறிக்குக் கீழே இருத்தி, தண்ணீர் போத்தலும் கொடுத்து, இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார். பழைய போனில் இருந்த நம்பர்கள் வந்தன, வட்ஸ்அப் வந்தது, யூடியூப்பில் அம்மா பார்க்கும் சமையல்காரியும் வந்தாள். பழைய போனையும் ஒரு விலை போட்டுக் கழித்துக்கொண்டார்கள். "அம்மா, எல்லாம் சரி. இனிக் கதைக்கிறதுதான் வேலை" என்றார் தம்பி. அம்மாவுக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

வினை வந்தது ஏழெட்டு மாதம் கழித்து. என் மகள் அப்பம்மாவின் போனில் விளையாட்டாகத் திரைப்பூட்டின் பற்றர்னை மாற்றிவிட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது அவளுக்கே மறந்துபோனது. என்னென்னவோ கீறிப் பார்த்துவிட்டு, கடைசியில் பட்டன்களை அழுத்திப் பிடித்து போனை ரீசெட் செய்தேன், அதாவது உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாக்கினேன். திரும்ப எழும்பிய போன், முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கை, அதாவது ஜிமெயிலையும் அதன் பாஸ்வேர்டையும், போடு என்று கேட்டது. அம்மாவிடம் கேட்டேன். "ஜிமெயிலோ? எனக்கென்ன தெரியும் தம்பி, அந்தப் பொடியன்தானே போட்டவன்" என்றார். கடைக்குப் போனேன். அந்தப் பொடியன் கட்டாருக்குப் போய் மூன்று மாதமாம்.

இந்தப் பூட்டு 2015இல் அன்ட்ரொயிட் 5.1உடன் வந்தது. களவெடுத்தவன் போனை ரீசெட் செய்து விற்கக்கூடாது என்பதற்காக, கடைசியாக அதில் இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கொடுத்தால்தான் உள்ளே விடும். நல்ல ஏற்பாடுதான். கள்ளனுக்கு என்று போட்ட பூட்டில் என் அம்மா மாட்டிக்கொண்டார். பில் கையில் இருந்தபடியால் கொம்பனியின் சேவை நிலையத்துக்கு கொழும்புக்கு அனுப்பித் திறந்து எடுத்தோம். ஆனால் திறந்த போன் வெறும் போன். வட்ஸ்அப் பேக்கப் போனது தம்பி திறந்த அந்த ஜிமெயிலுக்குள். நம்பர்களை அவர் போனின் நினைவகத்தில்தான் சேமித்திருந்தார், ரீசெட்டோடு அவையும் அழிந்தன. பழைய போன் எப்போதோ கைமாறிவிட்டது. கனடாவில் அக்காவின் பேரன் தமிழ் பேசப் பழகிய காலத்தில் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் இப்போது இங்கிலீசில்தான் பேசுகிறான்.

தம்பியில் பிழை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்துப் போன் போடுகிறவர், "உங்கட ஜிமெயில் என்ன?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். வேலை ஓட வேண்டுமே, புதிதாக ஒன்றைத் திறந்து மேலே போகிறார். பாஸ்வேர்ட் அவர் மனதில் அரை மணி நேரம் இருக்கும்.

ஆகவே மூன்று வழிகளையும் நான் அளப்பது வேகத்தை வைத்தோ காசை வைத்தோ அல்ல. போனுக்குள் எந்த ஜிமெயில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் ஒரே கேள்வி. நம்பர்கள், படங்கள், வட்ஸ்அப் பேக்கப், தொலைந்தால் போனைத் தேடும் வசதி, ரீசெட்டுக்குப் பிறகு திறக்கும் சாவி எல்லாம் அந்த ஒரு கயிற்றில்தான் தொங்குகின்றன. இப்போதே பாருங்கள்: பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலப்பக்கம் உள்ள சின்ன வட்டத்தைத் தொட்டால் கணக்கின் பெயர் தெரியும். உங்கள் பெயரோடு தெரியாத நாலு இலக்கம் ஒட்டிய ஒரு முகவரி வந்தால், அது கடையில் பிறந்தது. போன் திறந்திருக்கும்போதே கணக்கு அமைப்புக்குள் போய், மீட்பு நம்பராக யாருடையது இருக்கிறது என்று பார்த்து, உங்களுடையதைப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்ட் தெரியாவிட்டாலும், கணக்கு ஏற்கனவே உள்ளே இருக்கும் போனில் பெரும்பாலும் திரைப்பூட்டை வைத்தே மாற்ற விடுகிறது. அம்மாவின் போன் பூட்டுப்பட முதல் இதை நான் செய்திருந்தால் பத்து நிமிட வேலை.

பழைய ஜிமெயில் ஒன்று எங்கோ கிடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றும் விட வேண்டாம். இரண்டு வருசம் தொடாமல் கிடக்கும் தனியாள் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. 2023 கடைசியில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

அடுத்தது கூகுள் பேக்கப். பழைய போன் கடலில் விழுந்தாலும், களவு போனாலும், பட்டரி ஊதிப் படுத்தாலும் இது ஒன்றுதான் கைகொடுக்கும். என்னுடைய போன் அப்படித்தான் செத்தது. புதியதைத் திறந்து என் கணக்கைப் போட்டதும் நம்பர்கள் எல்லாம் உடனே வந்து நின்றன. பேக்கப்பை இறக்க முதல் பழைய போனின் திரைப்பூட்டு இலக்கத்தைக் கேட்டது. நல்லவேளை, எனக்கு அது மனைவியின் பிறந்த வருசம்.

ஆனால் இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது இடம். கூகுள் தரும் 15 ஜிபி, மெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். வட்ஸ்அப் பேக்கப் முன்பு அதில் கணக்கில்லை. 2024இல் இருந்து அதுவும் அந்த 15க்குள் வந்துவிட்டது. என்னுடையது எப்போதோ நிரம்பி, பேக்கப் நான்கு மாதமாக நின்றுபோய்க் கிடந்தது. போன் சொல்லியிருக்கும், நான் தட்டிவிட்டிருப்பேன். நான்கு மாதத்து வட்ஸ்அப் போனது போனதுதான். இரண்டாவது காலம். பழைய போன் 57 நாள் பாவிக்கப்படாமல் கிடந்தால் அதன் பேக்கப் அழிந்துவிடும் (போட்டோஸில் ஏற்றிய படங்கள் இதில் சேராது). சம்பளம் வரட்டும், சீட்டுக்காசு வரட்டும், பிறகு வாங்குவோம் என்று இரண்டு மாதம் தள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இணையமும் வேண்டும், நிறைய வேண்டும். நான் இறக்க உட்கார்ந்தது 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஒரு குரங்கால் நாடு முழுக்க மின்சாரம் போனது என்றார்களே, அதே நாள். முன்னேறிக்கொண்டிருந்த கோடு பாதியில் நிற்க, ரவுட்டரின் பச்சை விளக்கும் போனது. மொபைல் டேட்டாவில் தொடர மனம் வரவில்லை. பக்கேஜ் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டச்பே கடற்கரைக்குப் போய்விட்டேன்.

மனைவியின் போனுக்கு அந்தப் பாடெல்லாம் படவில்லை. இரண்டும் சாம்சங், இரண்டும் டைப் சி. பெட்டியோடு வந்த வயரின் ஒரு முனையைப் பழையதிலும் மறு முனையைப் புதியதிலும் செருகி, இரண்டிலும் ஸ்மார்ட் சுவிட்ச் என்ற சாம்சங்கின் மாற்றும் அப்பைத் திறந்தேன். வேறு கொம்பனிப் போன்களிலும் முதல் தடவை திறக்கும்போது பழைய போனில் இருந்து நகல் எடுக்கவா என்று ஒரு கட்டம் வரும். அங்கேயும் வயர் செருகலாம். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத் தவிர்க்கும் பட்டனை அழுத்துவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. முப்பத்தெட்டு ஜிபி ஒன்றேகால் மணி நேரத்தில் போனது. படங்கள், எஸ்எம்எஸ், அழைப்பு விபரம், நம்பர்கள், எழுந்திருக்க வைக்கும் அலாரம் வரைக்கும் வந்தது. படங்களுக்கு ஒரு எம்பி டேட்டா கூடச் செலவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் யாரோ அனுப்பும் கோணேசர் படம் போட்ட காலை வணக்கங்களும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வந்தன. வயருக்கு நல்லது கெட்டது தெரியாது.

இங்கேயும் ஜிமெயில் கேட்கும். ஆனால் வீட்டு மேசையில், உங்கள் கையில், உங்கள் பழைய கணக்கையே போடுவீர்கள். அதற்காகத்தான் நான் வயர் கட்சி.

வட்ஸ்அப் மட்டும் இந்த வயரில் வராது, தனியாக மாற்ற வேண்டும். 2023இல் இருந்து அதற்குள்ளேயே வழி இருக்கிறது. பழைய போனில் அமைப்புகளுக்குள் சட்ஸ் என்ற இடத்தில் உரையாடல்களை மாற்றும் வசதியைத் திறக்கவும். புதியதில் வட்ஸ்அப்பை இறக்கி அதே நம்பரைப் பதிந்து, பழைய போனில் இருந்து மாற்று என்பதைத் தெரிவு செய்தால் ஒரு கியூஆர் கோட் வரும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் போட்டிருக்க வேண்டும். செய்திகள் இரண்டு போன்களுக்கும் இடையில் நேராகப் போகின்றன, கூகுளின் 15 ஜிபியைத் தொடுவதில்லை. மனைவியின் ஒன்பது வருசத்து உறவினர் குரூப் சண்டைகள் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தன.

வயரால் முடியாதவையும் உண்டு. வங்கி அப்கள் புது போனில் திரும்பப் பதிய வேண்டும். ஆகவே சிம்மை மாற்றி, வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் கோட் வருகிறதா என்று பார்த்து, எல்லாம் ஓடும்வரை பழைய போனை அழிக்காதீர்கள், கழித்து விற்கவும் வேண்டாம். நாங்கள் இரண்டு கிழமை வைத்திருந்தோம். பழைய போனின் துவாரத்தில் உப்புக்காற்றும் சட்டைப்பைப் பஞ்சும் அடைந்து வயர் ஆடினால், போனை நிறுத்திவிட்டுப் பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் பிடித்தது.

இன்னொரு குறையும் இருக்கிறது. வயரால் மாற்றினால் பழைய நகல், புதிய நகல் இரண்டுமே ஒரே வீட்டில்தான். எங்கள் வீட்டில் 2004 டிசம்பருக்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அல்பம் இருந்த அலுமாரியைக் கடல் கொண்டுபோனது. அதனால் முக்கியமான படங்களைத் தெரிந்தெடுத்து கூகுளிலும் ஏற்றி வைக்கிறேன். மாறுவதற்கு வயர், காப்பாற்றி வைக்க கூகுள்.

ஐபோன் விசயத்தில் என் அனுபவம் மைத்துனருக்காக ஒரே ஒரு தடவை செய்ததுதான். அன்ட்ரொயிட்டில் இருந்து ஐபோனுக்குப் போக ஆப்பிளின் அப் ஒன்று இருக்கிறது, 2022இல் இருந்து வட்ஸ்அப்பும் அதில் போகிறது. ஆனால் ஐபோனை முதலில் திறக்கும்போதே செய்ய வேண்டும். அவர் ஆசையில் திறந்து ஒரு நாள் பாவித்துவிட்டார், ரீசெட் செய்து திரும்பத் தொடங்கினோம். மற்றப் பக்கம், ஐபோனில் இருந்து அன்ட்ரொயிட்டுக்கு, நான் செய்து பார்த்ததில்லை.

வீட்டில் செய்து கொடுக்க ஆளில்லாத வயதானவர்களுக்குக் கடை தவிர வேறு வழியில்லை என்பதும் தெரியும். அப்போது பக்கத்தில் இருந்து, "தம்பி, புது ஜிமெயில் திறக்க வேண்டாம், இதைப் போடுங்கோ" என்று சொல்லி, பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். கடதாசியில் எழுதி வைக்காதே என்று கணினி படித்தவர்கள் சொல்வார்கள். அம்மாவின் புது ஜிமெயிலும் பாஸ்வேர்டும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டு, காணி உறுதியும் அடகுச் சீட்டும் கிடக்கிற பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. போன மாதம் நிலாவெளியில் இருந்து மாமி புதுப் போன் பெட்டியோடு வந்தபோது, நான் வாய் திறக்க முதல் அம்மாதான் கேட்டார்: "ஜிமெயில் கொண்டந்தனியோ?"