30 பவுண்டு குடுத்து வாங்குன சிங்கம் (சர்நேம் ஃப்ரேம் ரிவ்யூ)

மான்செஸ்டர்ல நான் வேலை பார்க்கற ஆஃபிஸ்ல போன மாசம் ஒருத்தர் ரிட்டயர் ஆனாரு, எல்லாரும் காசு போட்டு கிஃப்ட் வாங்கற பொறுப்ப என் தலையில கட்டிட்டாங்க. அவரோட சர்நேம் (குடும்பப் பேரு) ஷஃபில்பாட்டம், பாட்டம்னா இங்கிலீஷ்ல பின்பக்கம். ஆமா, அதேதான். நான் சேர்ந்த புதுசுல மெயில்ல அந்த பேர பார்த்து யாரோ விளையாடறாங்கன்னு நெனச்சு டெலீட் பண்ணிருக்கேன். மனுஷன் அதெல்லாம் கண்டுக்க மாட்டாரு, மீட்டிங்ல அவரே முதல்ல தன் பேர சொல்லி சிரிச்சிட்டு மத்தவங்களையும் சிரிக்க விட்டுட்டு அப்புறம்தான் வேலைய ஆரம்பிப்பாரு. அதனால பேர் சம்பந்தமா ஏதாவது குடுத்தா நல்லாருக்கும்னு தோணுச்சு.

இங்க டூரிஸ்ட் வர்ற இடங்கள்ல ஒரு மாதிரி கடை இருக்கும், பார்த்திருப்பீங்க. நம்ம சர்நேம சொன்னா அங்கயே பிரிண்ட் போட்டு, மேல ஒரு கேடயம், அதுல ஒரு சிங்கம், கீழ லத்தீன்ல ஒரு வரி, அதுக்கும் கீழ பழைய காலத்து எழுத்துல "உங்கள் குடும்பப் பெயரின் வரலாறு"ன்னு மூணு பாரா, எல்லாம் மர ஃப்ரேம்ல போட்டு குடுப்பாங்க. 29.99 பவுண்டு. கடை பேரு வேணாம், இந்த மாதிரி கடை ஊருக்கு ஊரு இருக்கு, எல்லாம் ஒரே சரக்குதான்.

வாங்கிட்டு வீட்டுக்கு வந்து நிதானமா படிச்சா, ஷஃபில்பாட்டம்ங்கறது "ஆங்கிலோ சாக்சன் காலத்து பழம்பெரும் குலம்", வீரத்துக்கு பேர் போனவங்க, அந்த பேரு கால தேய்ச்சு தேய்ச்சு நடந்த ஒரு முன்னோர்கிட்ட இருந்து வந்துச்சாம். கால தேய்ச்சு நடந்தவருக்கு எதுக்குய்யா கேடயம்? என் ரூம்மேட் ஃப்ரேம தூக்கி பார்த்துட்டு, "டேய், நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு சுவர் கடிகாரம் குடுப்பாங்கல்ல, அந்த ஜாதிடா இது"ன்னான். அவன் சொன்னதுல தப்பில்ல. அடுத்த வாரம் அதே கடையில வெளிய தொங்குன சாம்பிள பார்த்தேன், வின்டர்பாட்டம்னு போட்டு அதே சிங்கம், கலர் மட்டும் வேற, அதே "வீரத்துக்கு பேர் போன" பாரா வார்த்தை மாறாம.

சரி, காசு போச்சு, உண்மையாவது தெரிஞ்சுக்குவோம்னு உக்காந்தேன். மூணு ராத்திரி போயிடுச்சு. அதனால இது அந்த ஃப்ரேமுக்கு ரிவ்யூ மட்டும் இல்ல, அதுக்கு பதிலா ஓசியில என்னல்லாம் கிடைக்குதுங்கறதுக்கும் சேர்த்து.

முதல்ல அந்த சிங்கம். இங்கிலாந்துல சர்நேமுக்குன்னு குலச்சின்னம் கிடையவே கிடையாது. அது ஒரு தனி ஆளுக்கு குடுக்கறது, அவரோட நேர் வாரிசுங்களுக்கு போகும், அவ்ளோதான். அதை குடுக்கற ஆஃபிஸ் லண்டன்ல இருக்கற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், 1484ல மூணாம் ரிச்சர்ட் ராஜா ஆரம்பிச்சு வெச்சது. ஒரே சர்நேம் இருக்கற எல்லாருக்கும் ஒரே சிங்கம்னு யாராவது வித்தா அது சும்மா படம், வேற ஒண்ணும் இல்ல.

அப்புறம் பேரு. இங்கதான் எனக்கு செம ஆச்சரியம். பாட்டம்னா நாம நினைக்கறது இல்ல. பழைய இங்கிலீஷ்ல அது பள்ளத்தாக்கோட அடிப்பகுதி, ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கற தாழ்வான நிலம். நீங்க சிரிக்கற அர்த்தம் 18ஆம் நூற்றாண்டு கடைசியிலதான் எழுத்துல தலை காட்டுது, அதுக்கு நானூறு அஞ்சுநூறு வருஷம் முன்னாடியே இந்த பேருங்கல்லாம் வெச்சாச்சு. ஷஃபிலும் கால தேய்க்கறதும் இல்ல, சீட்டு கலைக்கறதும் இல்ல. பழைய ரெக்கார்டுல இருக்கற ஸ்பெல்லிங் ஏறக்குறைய ஷிப்பவாலபோத்தம்னு வரும். முதல் துண்டு ஆடு, செம்மறி ஆடு. கடைசி துண்டு பள்ளம். நடுவுல இருக்கறது தண்ணி சம்பந்தப்பட்டது, ஊற்றுன்னு சிலர், ஆட்ட கழுவுற இடம்னு சிலர் சொல்றாங்க. கம்பளி வெட்டறதுக்கு முன்னாடி ஆட்ட ஓடையில இறக்கி குளிப்பாட்டறது அந்த ஊர்ல வழக்கம், அதனால ரெண்டுமே பொருந்துது. மொத்தத்துல ஆட்டுத்தண்ணிப்பள்ளம்னு வெச்சுக்கோங்க. லங்காஷர்ல பரிங்கற ஊர் பக்கத்துல இருந்த ஷிப்பர்பாட்டம்ங்கற சின்ன இடத்துல இருந்து வந்த பேர் இது. சில தலைமுறையில ஷிப்பவால் தேஞ்சு, அர்த்தம் மறந்து போய், காதுக்கு பழக்கமான ஷஃபில் வந்து அங்க உக்காந்துடுச்சு.

லங்காஷர்லயும் அத ஒட்டி இருக்கற செஷர், யார்க்ஷர் மலைப்பக்கத்துலயும் இந்த பாட்டம் பேருங்க கொட்டிக் கிடக்கு. காரணம் நிலம்தான். பெரிய கிராமமா கூடி வாழாம, ஒவ்வொரு மலை மடிப்புலயும் ஒரு பண்ணை வீடுன்னு சிதறி இருந்தாங்க, அந்த பண்ணையோட பேரே அந்த குடும்பத்துக்கு பேரா ஒட்டிக்கிச்சு. ஒரு பள்ளம், ஒரு குடும்பம், ஒரு சர்நேம். அதனாலதான் இந்த மாதிரி பேருங்க ஆரம்பத்துலயே அரிதா இருக்கு, ஸ்மித் மாதிரி ஊருக்கு ஒரு கொல்லன்னு இல்ல. நம்ம கிரிக்கெட் ஆளுங்களுக்கு இது புதுசே இல்ல, நாமதான் கவனிக்கல. இயன் போத்தமோட போத்தமும் இதே பள்ளம்தான், ஸ்பெல்லிங் மட்டும் கொஞ்சம் கௌரவமா. ரயன் சைட்பாட்டம் ஞாபகம் இருக்கா, சுருட்டை முடி, இடது கை பௌலர், 2008ல ஹாமில்டன்ல நியூசிலாந்துக்கு எதிரா ஹாட்ரிக் எடுத்தாரே? அவங்க அப்பா ஆர்னியும் இங்கிலாந்துக்கு ஒரு டெஸ்ட் ஆடினவரு. இங்கிலாந்து ஃபுட்பால் டீமோட முதல் மேனேஜர் பேரு வால்டர் வின்டர்பாட்டம், 1946ல இருந்து 1962 வரைக்கும் அவர்தான்.

இதுல பாட்டத்த போத்தம்னு மாத்தி எழுதிக்கறது ஒரு தனி கதை. ஷஃபில்போத்தம், ஷூபாட்டம், ஷூபோத்தம், ஷவல்பாட்டம், ஷிப்பர்பாட்டம்னு ஒரே பேரு எத்தனை அவதாரம் எடுத்திருக்கு பாருங்க. பாதிக்கு காரணம் எழுத படிக்க தெரியாத ஆளு சொன்னத பாதிரியாரோ க்ளார்க்கோ காதுல விழுந்தபடி எழுதினது. மீதிக்கு காரணம் வெக்கமா இருக்கலாம்.

வெக்கம்னு சும்மா சொல்லல. 2009ல கிங்ஸ் காலேஜ் லண்டன்ல விசிட்டிங் ப்ரொஃபசரா இருந்த ரிச்சர்ட் வெப்பர்ங்கறவரு 1881 சென்சஸையும் 2008 டேட்டாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தாரு. காக்ங்கற சர்நேம் 3,211 பேர்ல இருந்து 785 ஆயிடுச்சு. பால்ஸ் 2,904ல இருந்து 1,299 (ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல கெட்ட அர்த்தம் உண்டு). டெத் (சாவுன்னு சர்நேம் வெச்சுக்கிட்டு ஒருத்தர் டாக்டரா இருந்தா எப்படி இருக்கும்) 1,133ல இருந்து 605. ஸ்மெல்லி (நாத்தம்) 70 சதவீதம் காலி, டாஃப்ட் (கிறுக்கு) 51, கோட்டுபெட் (போய் படு) 42, நம்ம ஷஃபில்பாட்டம் 40 சதவீதம் குறைஞ்சிருக்கு.

இந்த 40ஐ சும்மா படிச்சா பெருசா தெரியாது. 1881ல பிரிட்டன் ஜனத்தொகை சுமார் 3 கோடி, 2008ல சுமார் 6 கோடி. அதாவது 1881ல 100 ஷஃபில்பாட்டம் இருந்தா, சாதாரணமா இப்ப 200 பேர் இருக்கணும், இருக்கறது 60. அதனால அந்த 40 பாதி கணக்குதான். ஒரு பேரோட மொத்த எண்ணிக்கையே குறையுதுன்னா ஒண்ணு பேர மாத்திக்கிறாங்க, இல்ல நாட்ட விட்டு போறாங்கன்னு வெப்பர் சொல்லிருக்காரு. இங்க பேர மாத்தறது நம்ம கெஜட்ல போடற மாதிரி அலைச்சல் இல்ல, டீட் போல்னு ஒரு பேப்பர், சாட்சியோட கையெழுத்து, முடிஞ்சது. ஸ்கூல்ல படற பாட்ட நினைச்சு பிள்ளைக்கு அம்மா வழி சர்நேம குடுத்துட்டு போறவங்களும் இருப்பாங்கதானே.

இன்னொரு பக்கம், அரிதான பேருன்னா வெக்கமே இல்லாம கூட அழியும். ஒரு குடும்பத்துல வரிசையா பொண்ணா பொறந்தா போதும். இந்த கணக்க 1873ல ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு புதிரா பத்திரிகையில போட்டாரு, ஹென்றி வாட்சன்ங்கற பாதிரியார் விடை எழுதினாரு. அவரு எல்லா பேரும் கடைசியில அழிஞ்சே தீரும்னு முடிச்சிட்டாரு, அது தப்பு, ஆனா அந்த வழிமுறை இன்னிக்கும் கணக்கு பாடத்துல அவங்க ரெண்டு பேர் பேருலயே இருக்கு.

இப்ப சர்வீஸ் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ரொம்ப புடிச்சது ஃப்ரீபிஎம்டிங்கற வெப்சைட். 1998ல ஆரம்பிச்சது, இங்கிலாந்து வேல்ஸ்ல 1837 ஜூலையில பிறப்பு, கல்யாணம், இறப்பு பதிவு தொடங்கினதுல இருந்து அந்த இண்டெக்ஸ முழுக்க வாலண்டியர்ஸ் ஒக்காந்து டைப் அடிச்சு போட்டிருக்காங்க, பைசா கிடையாது, லாகின் கூட வேணாம். பார்க்க தொண்ணூறுகள் வெப்சைட் மாதிரியே இருக்கும், முதல்ல பயமா இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும். ஸ்பெல்லிங் தகராறுக்கு நட்சத்திர குறி போட்டு தேடலாம், ஆரம்பமும் முடிவும் மட்டும் குடுத்தா நடுவுல இருக்கற கோமாளித்தனம் எல்லாம் வந்து விழும். ஒவ்வொரு வரியிலயும் பதிவு மாவட்டம் இருக்கும், அதுதான் உசுரு, பேரு எந்த ஊர சுத்தி மொய்க்குதுன்னு அதுலயே தெரிஞ்சிடும். 1911 கடைசி பாதியில இருந்து பிறப்பு வரியில அம்மாவோட பழைய சர்நேமும் வரும். குறைன்னா, கிட்டத்து வருஷங்கள் முழுசா ஏறல, அப்புறம் இது இண்டெக்ஸ் மட்டும்தான், சர்டிஃபிகேட் வேணும்னா அரசாங்க பதிவு ஆஃபிஸ்ல காசு கட்டணும். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

ஃபேமிலிசர்ச்ங்கற சைட்ல 1881 சென்சஸ ஃப்ரீயா தேடலாம், லாகின் மட்டும் கேக்கும். நாலு தலைமுறைக்கு முன்னாடி யார் வீட்ல யார் இருந்தாங்க, என்ன தொழில்னு வரிசையா வரும்போது அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எட்டி பார்க்கற ஃபீலிங், கொஞ்சம் அடிக்ட் ஆயிடுவீங்க.

பேரோட அர்த்தத்துக்குன்னா ஆக்ஸ்ஃபோர்டோட பிரிட்டன் அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதிதான். 2016ல வந்தது, நாலு வால்யூம், 45,000க்கு மேல பேரு, வந்தப்ப விலை 400 பவுண்டு, அதனால வாங்கற பேச்சே இல்ல. லைப்ரரில போய் பாருங்க, சில ஊர்ல லைப்ரரி கார்டு நம்பர வெச்சு வீட்ல இருந்தே ஆன்லைன்ல படிக்கலாம். ஒவ்வொரு பேருக்கும் 1881ல எத்தனை பேரு, 2011ல எத்தனை பேரு, எந்த கவுண்டில ஜாஸ்தி, பழைய ரெக்கார்டுல எந்த வருஷம் எப்படி எழுதிருக்குன்னு சுருக்கமா போட்டிருக்கும். கதை இல்ல, வீரம் இல்ல, சிங்கம் இல்ல. பட்டேலும் லீயும் கூட அதுல இருக்கு, இப்ப அதுவும் பிரிட்டன் சர்நேம்தான்னு.

மூணாவது ராத்திரி தேடும்போது ஷெஃபீல்ட் யுனிவர்சிட்டில இருக்கற பொருட்காட்சி சர்க்கஸ் ஆவணக்காப்பகத்து பக்கத்துல டெக்சாஸ் பில் ஷஃபில்பாட்டம்னு ஒருத்தர் மாட்டினாரு. கௌபாய் வேஷம் போட்டு, இங்கிலாந்து பூரா திருவிழா திருவிழாவா போயி துப்பாக்கி சுடறது, கத்தி எறியறதுன்னு ஷோ நடத்தின குடும்பம். அந்த குடும்பத்து பொண்ணு ஃப்ளோரன்ஸ் பாம்புங்கள வெச்சு வேற ஷோ பண்ணிருக்காங்க. முப்பது பவுண்டு ஃப்ரேம்ல இதுல ஒரு வரி கூட இல்ல.

சனிக்கிழமை டிராம் புடிச்சு பரி போனேன், அங்க இருந்து பழைய நீராவி ரயில் ராம்ஸ்பாட்டம் வரைக்கும் போகுது. ஒரு பக்கம் ஆறு, ரெண்டு பக்கமும் மேடு, மேட்டுல ஆடு. அந்த ஜன்னல்ல பார்த்ததும் பாட்டம்னா என்னன்னு அகராதி இல்லாமயே புரிஞ்சிடுச்சு.

கடைசியில என்ன பண்ணேன்னா, ஃப்ரேம பிரிச்சு சிங்கத்த எடுத்துட்டேன். ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி சைட்ல பழைய சர்வே மேப்புங்க இலவசமா இருக்கு, இங்கிலாந்தும் சேர்த்து. பரி சுத்துவட்டாரத்து விக்டோரியா காலத்து மேப்ப பிரிண்ட் போட்டு அதே ஃப்ரேம்ல சொருகி, பின்னாடி பேரோட அர்த்தத்த நாலு வரி எழுதி குடுத்தேன். மனுஷன் ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "அறுபது வருஷமா எல்லாரும் என் பேர பார்த்து சிரிச்சாங்க, ஆடு குளிச்ச இடம்னு ஒருத்தனும் சொல்லலயே"ன்னாரு. சிங்கத்தையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு, அத அவர் வீட்டு டாய்லெட்ல மாட்டிருக்காராம்.

ஃப்ரேம் மரம் நல்லா இருக்கு, கண்ணாடியும் ஓகே, அதுக்கு ரெண்டு ஸ்டார். உள்ள இருந்த பேப்பருக்கு ஒண்ணும் இல்ல.