ரொறன்ரோ பொது நூலகத்தில் என் பிள்ளைகளின் பதின்வயது

மூத்தவனுக்குப் பதின்மூன்று வயதான வருடத்திலிருந்து ரொறன்ரோ பொது நூலகத்தின் பதின்வயதினர் சேவைகளை எங்கள் குடும்பம் விடாமல் பயன்படுத்தி வருகிறது. அவன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இளையவள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபுரோவில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோரில் பலருக்கு நூலகம் என்றால் சின்னஞ்சிறுசுகளுக்குக் கதை வாசிக்கும் இடம், பிறகு பரீட்சை வந்தால் மேசை பிடித்துப் படிக்கும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு வருடங்கள் பிள்ளைகள் நூலகப் பக்கமே போவதில்லை. எங்களுக்கு நூலகம் மிக அதிகமாக உதவியது அந்த நடு வருடங்களில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் யூத் ஹப் பற்றி. நகரத்தில் உள்ள 100 கிளைகளில் எல்லாவற்றிலும் இது இல்லை. மல்வேர்ன் போன்ற சில கிளைகளில் பதின்வயதினருக்கென்றே ஓர் இடத்தை ஒதுக்கி, பாடசாலை விட்ட பிறகு திறந்து வைக்கிறார்கள். கட்டணம் இல்லை, பெயர் பதிந்து வகுப்புக்கு வருவதுபோல வர வேண்டியதும் இல்லை. கணினிகள், வீடியோ கேம், பலகை விளையாட்டுகள், வீட்டுப்பாடத்துக்கு உதவி, கொறிக்க ஏதாவது, பிள்ளைகளோடு இருந்து பேசும் பணியாளர்கள் என்று அந்த மாலை போகும். தொடக்கத்தில் மகன் அங்கே போய் விளையாட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. “நூலகத்துக்கு அனுப்புவது இதற்கா?” என்று என் கணவர் கேட்டார். ஆனால் அவன் வீட்டில் விளையாடினால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே விளையாடுவான். அங்கே நாலு பேரோடு முறை வைத்து, சண்டை பிடித்து, சமாதானமாகி விளையாடினான். வேறு பாடசாலைப் பிள்ளைகள் பழக்கமானார்கள். குளிர்காலத்தில் நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில், காசு கொடுத்து எதையும் வாங்காமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கூட்டாளிகளோடு இருப்பதற்கு வேறு எத்தனை இடங்கள் இருக்கின்றன? பேரங்காடியில் கூட்டமாக நின்றால் காவலாளி வந்து கலைந்துபோகச் சொல்வார். கோப்பிக் கடையில் எதையாவது வாங்கினால்தான் இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே யூத் ஹப் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பக்கத்து மேசையில் இருந்து அவன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்ப்பது, வந்ததும் வராததுமாக “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்பது, இரண்டுமே அந்த இடத்தைக் கெடுத்துவிடும். நம் பிள்ளைகளுக்கு ரியூஷன், நடனம், மிருதங்கம், நீச்சல் என்று வாரம் முழுவதும் கணக்குக் கேட்கும் ஆட்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

என் மகனை மாற்றியது புத்தகம் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். அது அப்படி நடக்கவில்லை. அவனுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணிநேர சமூகசேவை கட்டாயம். பிள்ளைகள் பலர் கடைசி வருடத்தில் அந்தப் படிவத்தை நிரப்ப ஓடித் திரிவார்கள். நூலகக் கிளைகளில் இளையோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் கூடி, எந்த நிகழ்ச்சி வைக்கலாம், எந்தப் புத்தகங்களைக் காட்சிக்கு வைக்கலாம் என்று பேசுவார்கள். அந்த நேரம் சேவை மணித்தியாலமாகவும் எண்ணப்படும். மகன் அதற்குப் போனது மணித்தியாலத்துக்காகத்தான், அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு நூலகர் பதின்வயதுப் பிள்ளையிடம் “உன் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டு, அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் அதன்படியே செய்து காட்டினால் அந்தப் பிள்ளையின் நடையே மாறிவிடுகிறது. இவன் சொன்ன யோசனைப்படி ஒரு சதுரங்க மாலை நடந்தது. வந்தது சிறு கூட்டம்தான். கதிரை அடுக்கியது முதல் கடைசியில் குப்பை அள்ளியது வரை எல்லாவற்றையும் அவன்தான் செய்தான். வீட்டில் தட்டைக் கழுவி வைக்கச் சொன்னால் பத்துத் தடவை சொல்ல வேண்டிய பிள்ளை.

அடுத்த வருடம் லீடிங் டு ரீடிங் திட்டத்தில் சேர்ந்தான். ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களில் வாசிப்பு பின்தங்கிய ஒருவரோடு ஒரு தொண்டர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இவனிடம் வந்த சிறுவனுக்கு ஹொக்கி தவிர எதிலும் நாட்டமில்லை. இவனுக்கோ ஹொக்கியில் ஒன்றும் தெரியாது. ஆகவே அந்தச் சிறுவனுக்குப் பிடித்த வீரர்களின் பெயர்களையும் விதிகளையும் முதலில் இவன் படித்தான், அதற்கேற்ற புத்தகங்களைத் தேடி எடுத்தான், கடினமான சொற்களை முன்கூட்டியே பார்த்து வைத்தான். ஒரு வரிக்கு ஒருவர் எவ்வளவு நேரம் எடுக்கலாம், எந்த இடத்தில் உதவ வேண்டும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்கு விளக்குவான். இன்று அவன் தானாக எடுத்து வாசிக்கும் பிள்ளை. அந்தப் பழக்கம் வந்த காலமும் அதுதான்.

மகள் வேறு ரகம். அவளுக்குக் கூட்டம் பிடிக்காது, புத்தகம் பிடிக்கும். மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதைகளும் சித்திர நாவல்களும்தான் அவளுடைய உலகம். அவற்றை வாசிப்பாக எண்ணாத பெற்றோர் இருக்கிறார்கள். படத்தையும் உரையாடலையும் ஒன்றாகப் பின்தொடர்ந்து ஒரு நீண்ட கதையை மனதில் வைத்திருப்பது சுலபமான வேலை இல்லை என்பதை அவள் பக்கத்தில் இருந்து நானும் சில தொகுதிகள் வாசித்தபோது உணர்ந்தேன். நீண்ட தொடர்களைக் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. நூலகத்தில் இணையம் வழியாக முன்பதிவு செய்தால் எந்தக் கிளையில் இருந்தாலும் அருகிலுள்ள கிளைக்கு வந்துவிடும். புகழ்பெற்ற தொடர் என்றால் வரிசையில் பலர் இருப்பார்கள், அதனால் முதல் தொகுதியைக் கையில் எடுக்கும்போதே அடுத்த சிலவற்றையும் பதிந்துவிடுவது நல்லது. லிபி (Libby) என்ற செயலியில் மின்னூலும் ஒலிநூலும் உண்டு. பஸ்ஸில் போகும்போது அவள் கேட்பது அதைத்தான். தாமதக் கட்டணத்தை 2022இல் நூலகம் முற்றாக எடுத்துவிட்டது. தொலைத்தால் மட்டும் புத்தகத்தின் விலையைக் கட்ட வேண்டும்.

எழுதவோ வரையவோ விரும்பும் பிள்ளை இருந்தால் ‘யங் வொய்சஸ்’ இதழைக் கட்டாயம் காட்டுங்கள். நகரத்தின் பதின்வயதினர் அனுப்பும் கதை, கவிதை, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றை நூலகமே வருடந்தோறும் அச்சிட்டு வெளியிடுகிறது. எதை எடுப்பது என்று தெரிவு செய்வதிலும் பதின்வயதினருக்குப் பங்கு உண்டு, எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவர்களுக்கு வழிகாட்டுவார்கள். மகள் அனுப்பிய முதல் கவிதை தெரிவாகவில்லை. அழுதாள். பிறகு அந்த வருட இதழை எடுத்து வந்து, தன் வயதுப் பிள்ளைகள் எதை எழுதுகிறார்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பெரியவர்களுக்கான போட்டியில் தோற்பதைவிட, தன்னையொத்தவர்களின் எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது அந்த வயதில் நல்லது என்று நினைக்கிறேன்.

என் மனத்தாங்கல் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியது. தமிழர் அதிகம் வாழும் பகுதிகளின் கிளைகளில் தமிழுக்குத் தனி அலமாரிகள் இருப்பதே பெரிய விடயம். படக்கதைப் புத்தகங்கள் உண்டு, பெரியவர்களுக்கான நாவல்கள் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இதற்கு நூலகத்தைக் குறை சொல்ல முடியாது, அச்சில் இருந்தால்தானே வாங்குவார்கள்! பாடசாலை, நட்பு, முதல் காதல், பெற்றோரோடு பிணக்கு, இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்வது என்று அந்த வயதுக்கே உரிய விடயங்களைத் தமிழில் எழுதி, இங்கே பிறந்த பிள்ளை தடக்காமல் வாசிக்கக்கூடிய நடையில் தருபவர்கள் மிகக் குறைவு. மகள் சனிக்கிழமைகளில் உயர்பாடசாலைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள், அதற்கு மதிப்பெண் அலகும் கிடைக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்க எதுவும் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. தற்சமயம் சிறுகதைகளைக் கொண்டு சமாளிக்கிறோம். இரண்டு மூன்று பக்கக் கதையை நான் வாசிக்க, அடுத்ததை அவள் வாசிப்பாள். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி இலவசமாகத் தரும் ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணையத் தொகுப்பும் கைகொடுத்தது. ஒரு பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக அம்மம்மாவின் ஊரைப் பற்றிய பழைய மலர் ஒன்றை அவளே அதில் தேடி எடுத்தாள். ஜனவரி கனடாவில் தமிழ் மரபுத் திங்கள். அந்த மாதத்தில் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களைக் காட்சிக்கு வைக்கும்போது, பதின்வயதினருக்கு என்ன இருக்கிறது என்று நாம் எல்லோரும் கேட்டால் கேள்வி பதிப்பாளர்கள் வரைக்கும் போகலாம்.

2023 அக்டோபர் 28ஆம் தேதி ரொறன்ரோ பொது நூலகத்தின் கணினி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. இணையதளம் முடங்கியது, கிளைகளில் பொதுக் கணினிகள் இயங்கவில்லை, முன்பதிவு நின்றது, திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அலமாரிக்கு அனுப்ப வழியில்லாமல் லொறிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். தாக்கியவர்களுக்குக் கப்பம் கட்ட நூலகம் மறுத்துவிட்டது. வழமைக்குத் திரும்ப மாதக்கணக்கானது. ஆனால் கிளைகளை மூடவில்லை. மகன் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இருந்த காலம் அது. “கணினி இல்லாவிட்டால் என்ன, ஆட்கள் இருக்கிறார்களே” என்று போய்வந்தான். என் அப்பா 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை. இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் “நூலகத்தைத் தாக்கிவிட்டார்கள்” என்ற செய்தியை அவரால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை, திரும்பத் திரும்ப “புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அருகில் உள்ள கிளையோடு நின்றுவிடாதீர்கள். 2015இல் நூறாவது கிளையாகத் திறந்த ஸ்காபுரோ சிவிக் சென்ரர் கிளையில் முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள டிஜிட்டல் கூடம் இருக்கிறது. ஸ்காபுரோ ரவுன் சென்ரர் பேரங்காடிக்குப் பக்கத்திலேயே என்பதால் பஸ்ஸில் பிள்ளைகள் தாமாகவே போகலாம். விஞ்ஞானப் புனைகதையில் பித்துள்ள பிள்ளை என்றால் ஒரு சனிக்கிழமை கொலிஜ் வீதியில் உள்ள லிலியன் எச். ஸ்மித் கிளைக்குக் கூட்டிப் போங்கள். வாசலில் இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த வெண்கல விலங்குகள் நிற்கும். 1970இல் எழுத்தாளர் ஜூடித் மெரில் தன்னிடம் இருந்த நூல்களைக் கொடுத்துத் தொடங்கிய சேகரிப்பு உள்ளே இருக்கிறது. பழைய இதழ்களை எடுத்துத் தரக் கேட்கலாம், அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். கட்டடத்துக்குப் பெயர் தந்த லிலியன் ஸ்மித் சிறுவர் நூலகராகவே பயிற்சி பெற்று வந்து, 1922இல் இந்த நகரத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு நூலகக் கட்டடத்தைத் திறக்க வைத்தவர்.

ஜனவரியிலும் ஜூனிலும் பரீட்சைக் காலம் என்பதால் படிக்கும் இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும், பாடசாலை விட்டவுடன் போக வேண்டும். இளையோர் குழுவிலும் வாசிப்புத் திட்டத்திலும் இடங்கள் அளவோடுதான் இருக்கும். பாடசாலை வருடம் தொடங்கும்போதே கிளைக்குப் போய், பதின்வயதினருக்குப் பொறுப்பான நூலகர் யார் என்று கேளுங்கள். அதையும் நீங்கள் கேட்காமல் பிள்ளையே கேட்கட்டும்.